ஆண்டுக்கு மூன்றணா வரிக்கா இத்தனை நடை?

கேள்வி, 13.4.2024

இன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கிய நாள். நான் கணக்குத் தணிக்கை படிக்கும் மாணவன், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1930இல் உப்பு வரி மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஆறு கிலோ உப்பு என்று வைத்தால், தலைக்கு மூன்றணாவுக்குச் சற்று மேல் வருகிறது. இதற்காகவா 240 கிலோமீட்டர் நடந்தார்கள்? அது வரிப் போராட்டமா, வெறும் காட்சியா? தவிர, நடந்ததால்தான் வரி ஒழிந்தது என்று பள்ளியில் படித்தோம். அதுவாவது சரியா?

13.4.2024, இரவு

தம்பி, தணிக்கை படிக்கிறவர் மணங்கு என்றால் எவ்வளவு என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். எட்டு வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் பதினோரு கிலோவும் கொஞ்சமும். என் தாத்தாவின் மளிகைக் கடையில் புளியும் மிளகாயும் அந்தக் கணக்கில்தான் வந்து இறங்கின. ஒன்றேகால் ரூபாய் என்றால் இருபது அணா. அதைப் பதினோரு கிலோவுக்கு வகுத்து ஆறால் பெருக்குங்கள். தலைக்குப் பத்தரை அணா ஆகிறது, உங்கள் தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு மூன்று ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து மூன்று ரூபாய்! காட்சியாம்.

14.4.2024

புத்தாண்டுக் காலையில் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவர், மஞ்சள் மண்டி நடத்தியவர், எழுதியிருக்கிறார். எட்டு வீசை மணங்கு நம் கடைத்தெரு மணங்கு. சர்க்கார் வரி போட்டது ரயில்வேக்காரர்கள் சரக்கு நிறுக்கும் பெரிய மணங்குக்கு, 82 ராத்தலுக்குச் சற்று மேல், 37 கிலோ. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்ததால் நான் தாத்தா கடைத் தராசை வைசிராய் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மாணவர் போட்ட கணக்குதான் சரி. மூன்றணா, அதற்கு மேல் இரண்டு மூன்று தம்பிடி (பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா). நேற்றைய குறிப்பை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

சரி, மூன்றணா. அது சிறிய தொகையா? 1930 மார்ச் 2ஆம் தேதி காந்தி வைசிராய் இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் உள்ள கணக்கு: வைசிராய்க்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய். இந்தியனின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. அப்படியானால் மூன்றேகால் அணா வரி என்பது சராசரி ஆளுக்கு ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட வருமானம். இர்வின் பிரபு உப்புச் சாப்பிட்டதற்கு அதே மூன்றேகால் அணாதான் கட்டியிருப்பார். அவருக்கு அது இருபத்தைந்து நொடிச் சம்பளம். தூங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் வகுத்திருக்கிறேன்.

இருவரும் ஒரே அளவு உப்புதான் தின்ன முடியும் என்பதில்தான் அந்த வரியின் குரூரம் இருந்தது. வியர்வை சிந்தி உழைக்கிறவன் பிரபுவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தின்பான். ஆனாலும் தம்பி சொன்னதை மறுக்க முடியவில்லை. அந்த ஒன்றரை நாள் வருமானத்துக்காக மட்டும் ஒரு நாடு எழுந்திருக்காது.

14.4.2024, இரவு

ஆறு கிலோ என்று மாணவர் எடுத்ததை நானும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். என் மனைவி, "இந்த வீட்டில் ஒரு பாக்கெட் எத்தனை நாள் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. நாளை புதுப் பாக்கெட் பிரிக்கிறோம், ஒரு கிலோ, சாப்பிடுவோர் இருவர். தேதியை உறை மேல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

16.4.2024

இரண்டு நாளாக இதே யோசனை. வரி கொடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு முதலில் வரி கையில் வந்து கேட்க வேண்டும். நிலவரி அப்படிப்பட்டது. தாசில்தார் கேட்பார், இல்லை என்று கதவைச் சாத்தலாம். குஜராத்தில் பர்தோலி தாலுகாவில் 1928இல் அதுதான் நடந்தது. நிலவரியை 22 சதவீதம் ஏற்றினார்கள். வல்லபாய் படேல் தலைமையில் விவசாயிகள் ஒரு காசும் கட்டவில்லை. ஜப்தி செய்ய ஆள் வந்தால் கிடைக்கக்கூடாது என்று எருமைகளையும் வீட்டுக்குள் ஏற்றிப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். மனிதரும் மாடும் ஒரே இருட்டில். கடைசியில் விசாரணைக் குழு உட்கார்ந்து, ஏற்றம் சுமார் 6 சதவீதம்தான் இருக்கலாம் என்றது. அங்கே வெற்றியை எண்ணிலேயே காட்டிவிடலாம். தணிக்கை மாணவருக்குப் பிடிக்கும்.

உப்பு வரி விலைக்குள் ஒளிந்திருந்தது. கடையில் ஒரு படி உப்பு வாங்கினால் கொடுத்தாயிற்று. கொடுக்க மாட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கடைக்காரரிடமா, அவர் பாவம். சாப்பிடாமலும் இருக்க முடியாது. வரியை மறுக்க மிஞ்சிய ஒரே வழி, விலை கொடுக்காமல் உப்பை நாமே எடுப்பது. அது குற்றம். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பெனி 1805லேயே உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன் பிறகு கடலோரத்தில் தானாகப் பூத்த உப்பை அள்ளினாலும் திருட்டு. உப்பு இலாகாச் சேவகர்களுக்கு அந்தப் பூத்த உப்பைச் சேற்றோடு மிதித்துக் கெடுப்பதும் ஒரு வேலை. தண்டியில் காந்தி போய்ச் சேருவதற்கு முன்பே அப்படிக் கெடுத்து வைத்திருந்தார்கள் என்பார்கள்.

ஆக, அவ்வளவு தூர நடையைக் காட்சி என்று தள்ள முடியவில்லை. உப்பு இருக்கும் இடத்துக்குப் போனால்தான் இந்த வரியை மறுக்கவே முடியும்.

17.4.2024

நேற்று எழுதியதைப் படித்தபோது எல்லாம் வெற்றிக் கதையாகத் தெரிந்தது. தோற்றதையும் சொல்ல வேண்டும். சீராலை, அப்போது நம் சென்னை மாகாணத்தில் இருந்த ஊர். அதை நகராட்சியாக்கி வரியைப் பல மடங்கு ஏற்றினார்கள். 1921இல் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யா தலைமையில் ஊர் ஜனங்களில் பெரும்பாலோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லைக்கு வெளியே போய்க் குடிசை போட்டார்கள். ஊரில் ஆளே இல்லை, வரியை யாரிடம் கேட்பாய்? அபாரமான யோசனை. அந்தக் குடிசைப் பேட்டைக்கு ராமநகர் என்று பெயர். பதினோரு மாதம் தாங்கினார்கள். தலைவர் சிறைக்குப் போனார். மழை, வெயில், நோய், தொழில் இல்லை. கடைசியில் திரும்பி வந்து வரி கட்டினார்கள்.

இதை ஏன் நம் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் போடுவதில்லை என்று எனக்கு நெடுநாள் ஆத்திரம்.

19.4.2024

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரலில் மை காயவில்லை.

மூன்றணாவை விட்டுவிட்டு மூன்று பவுனுக்கு (தங்கம் இல்லை, இங்கிலீஷ் பணம்) வருகிறேன். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இது தமிழர் கதை. தென்னாப்பிரிக்காவில் நடாலுக்குக் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும் பகுதி நம்மவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் அங்கேயே காய்கறி பயிரிட்டுப் பிழைக்கத் தொடங்கினார்கள். வெள்ளை வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம் வந்தது: ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி கூலியாகக் கையெழுத்திட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்குத் தலைக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது 25 பவுன், பேரம் பேசி மூன்றானது. மனைவிக்கும் மூன்று பவுன். பதினாறு வயது கடந்த பையனுக்கும் மூன்று. பதின்மூன்று கடந்த பெண்ணுக்கும் மூன்று. நாலு பேர் குடும்பத்துக்குப் பன்னிரண்டு பவுன். காந்தி எழுதியிருப்பதன்படி, அப்படிப்பட்ட குடும்பத் தலைவரின் வருமானம் மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் போகாது. இருபது ஷில்லிங் ஒரு பவுன். பன்னிரண்டு மாதம் பட்டினி கிடந்து சேர்த்தாலும் எட்டு பவுன் சில்லறை. பன்னிரண்டு எப்படிக் கட்டுவது?

கட்ட முடியாது என்பது தெரிந்தே போட்ட வரி. கஜானாவுக்குப் பணம் வரவில்லையென்றாலும் அவர்களுக்குக் கவலையில்லை. ஆள் மறுபடி தோட்டத்துக்குப் போனால் போதும். தம்பி, அநியாய வரியை எப்போதும் தொகையை வைத்து அளக்காதீர்கள், அது மனிதனை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் பாருங்கள்.

1913இல் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் சிலர், கைக்குழந்தைகளோடு, அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய் வேலைநிறுத்தம் செய்யும்படி பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்து நடந்தார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. பிறகு கரும்புத் தோட்டங்களும் நின்றன. அங்கே சுடப்பட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். அகிம்சை எப்போதும் ஒரு பக்கத்து ஏற்பாடுதான். சிறையில் காய்ச்சல் கண்டு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள், பதினாறு வயது. பெற்றோரின் ஊரான தில்லையாடியை அவள் பார்த்ததுகூட இல்லை, பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அதே 1914இல் மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது.

இங்கே போராடினார்கள், வரி போயிற்று. வேதாரண்யத்துக்குப் பதினாறு ஆண்டு முன்பு.

20.4.2024

ஓர் அம்மா கேட்கிறார்: "எல்லாம் சோகமாகவே இருக்கிறதே, சிரிக்க ஒன்றும் இல்லையா?" இருக்கிறது. 1918, குஜராத்தில் கேடா மாவட்டம். விளைச்சல் கால் பங்குக்கும் கீழே போனதால் வரியைத் தள்ளச் சொல்லிக் கேட்டார்கள், சர்க்கார் மறுத்தது. வரி பாக்கிக்காக ஒரு வெங்காய வயல் ஜப்தியானது. மோகன்லால் பாண்டியா என்பவர் ஆட்களோடு போய் வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து சிறைக்குப் போனார். ஜனங்கள் அவருக்கு "வெங்காயத் திருடன்" என்று பட்டம் கொடுத்தார்கள். சிறைவரை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அந்தப் பட்டம் கடைசிவரை அவரோடு இருந்தது. இந்தக் காலத்தில் முனைவர் பட்டத்துக்குக் கூட அவ்வளவு மரியாதை இல்லை.

24.4.2024

இனி வேதாரண்யம். எங்கள் பக்கம், அதனால் கொஞ்சம் நீளும்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு பேர் கிளம்பினார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழி. தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன். கெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் யோசித்தார்: நடப்பவர்களை அடித்தால் பெயர் கெடும், சோறு கிடைக்காமல் செய்துவிட்டால் தானே கலைந்துவிடுவார்கள். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவருக்கு ஆறு மாதம் சிறை, அபராதம் என்று அறிவித்தார்.

தஞ்சை ஜில்லாவில் வந்து, வழிப்போக்கனுக்குச் சோறு போடாதே என்றார்! சத்திரங்களால் பெயர் வாங்கிய ஜில்லா அது. உப்புச் சட்டம் என்றால் என்னவென்று தெரியாத வீடுகளுக்கும் இந்த உத்தரவு புரிந்துவிட்டது. சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. யார் கட்டியது என்று கேட்டால் மரம்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னும் சில இடத்தில் அண்டாவைப் புதைத்து வைத்து அடையாளம் சொன்னார்கள் என்பதும் உண்டு.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பாட்டியின் ஊர். "நான் கட்டினேன், புளியஞ்சோறு, வாழை மட்டையில், வாய்க்கால் கரைப் புளியமரத்தில்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கி வந்த எறும்பைத் தட்டியதுவரை சொல்வார். ஒன்றரை நாள் வருமானத்துக்காகப் பாட்டி அதைச் செய்யவில்லை தம்பி. உப்பு வரி எத்தனை அணா என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பக்கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

25.4.2024

மேலே உள்ளதில் பெரிய ஓட்டை. தங்கை போன் செய்தாள். பாட்டி பிறந்தது 1924. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தது 1939. 1930இல் ஆறு வயதுக் குழந்தையாக வேறு ஊரில் இருந்தவர் எப்படி அந்தப் புளியமரத்தில் மூட்டை கட்டினார்? மாமியார் செய்ததைக் கேட்டுக் கேட்டுத் தன்னதாக்கிக்கொண்டிருக்க வேண்டும். எறும்பு மட்டும் பாட்டியின் சொந்தச் சரக்காக இருக்கும்.

அறுபது வருடம் நம்பிய கதை. கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். ஒரு ஊரில் எத்தனை பேர் மூட்டை கட்டினார்களோ, அதைப்போல நாலு மடங்குப் பேர் பிறகு கட்டியதாக நம்பியிருக்கிறார்கள்.

சாட்சியுள்ள ஒன்றைச் சொல்லி ஈடுகட்டுகிறேன். வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு நாவிதர். போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி எடுத்தவர். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதிச் சவரத்தில் தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். ஆறு மாதம் சிறை. அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. பாதிக் கன்னத்தோடு நின்ற போலீஸ்காரரின் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

30.4.2024

இன்று வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி போய் வந்தேன். 1930இல் இதே தேதியில் இங்கேதான் ராஜாஜி குனிந்து உப்பை எடுத்தார், ஆறு மாதம் தண்டனை பெற்றார். அடுத்து வந்தவர்கள் கையில் மூடி வைத்த உப்பைப் பிடுங்க, போலீசார் விரல்களை நசுக்கிப் பிரித்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி இந்தப் போராட்டத்தில்தான் சிறைக்குப் போனார். இடம் கொடுத்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய வேதரத்தினம் பிள்ளையின் சொத்து பறிமுதலானது.

நினைவுத் தூணருகில் கூட்டம் இருந்தது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது, உப்பளத்தில் வேலை முடிந்து பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். விடியுமுன்னே வாரத் தொடங்கிவிடுவார்களாம். பாத்தி வரப்பில் ஒரு பெண்மணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு பிடி அள்ளினேன். வாயில் போட்டதும் கசந்தது. "அதைத் தின்னாதீர்கள் ஐயா, இன்னும் தண்ணீர் வடியவில்லை, வடிந்தால்தான் கசப்புப் போகும்" என்றார். காலையில் தலைவர்கள் வந்து உப்பு எடுத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அவர்கள் வரும்போது நாங்கள் ஏழு பாத்தி முடித்திருந்தோம்" என்றார். அதில் கேலி இருந்ததா என்று பஸ்ஸில் முழுக்க யோசித்தேன்.

2.5.2024

மாணவர் விடவில்லை: இரண்டாவது கேள்விக்குப் பதில் எங்கே?

இதோ. நடந்ததால் வரி ஒழியவில்லை. 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் கிடைத்தது இவ்வளவே: உப்பு கிடைக்கும் இடத்தை ஒட்டிய கிராமத்தார் தம் வீட்டுக்கும், தம் ஊருக்குள் விற்கவும் எடுத்துக்கொள்ளலாம். வெளியே கொண்டுபோய் வியாபாரம் செய்யக்கூடாது. சட்டம் அப்படியே இருந்தது. அதே ஆண்டுக் கடைசியில் பணமுடை என்று பல வரிகளின் மேலும் கால் பங்கு கூடுதல் போட்டார்கள். உப்பும் தப்பவில்லை, ஒன்றேகால் ரூபாய் ஒரு ரூபாய் ஒன்பதணா ஆயிற்று. அடி வாங்கி, சிறைக்குப் போய், வரி ஏறியது! வரி போனது 1947இல், இடைக்கால அரசு வந்த பிறகு.

சுதந்திர அரசும் 1953இல் உப்புக்கு ஒரு தீர்வை போட்டது, டன்னுக்குச் சுமார் மூன்றரை ரூபாய். ஜி.எஸ்.டி. வருமுன் அதையும் எடுத்துவிட்டார்கள், இப்போது உப்புக்கு வரி பூஜ்யம்.

ஆக, பர்தோலியில் எண் இறங்கியது. நடாலில் வரி போனது. சீராலையில் ஒன்றும் நடக்கவில்லை. வேதாரண்யத்தில் வரி ஏறியது, ஆனால் ஒரு கலெக்டரின் உத்தரவைப் புளியமரம்கூடக் கேட்கவில்லை. இதைத் தணிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று தம்பிதான் சொல்ல வேண்டும். வரவிலா, செலவிலா, வராக்கடனிலா?

3.5.2024

மாணவர் பதில்: "நற்பெயர் என்று ஒரு தலைப்பு உண்டு ஐயா. விலைக்கு வாங்கினால்தான் கணக்கில் ஏற்ற முடியும், தானாகச் சேர்ந்தது ஏறாது." தேறிவிடுவார்.

21.5.2024

பாக்கெட் விவகாரம். ஏப்ரல் 15இல் பிரித்தது மே 19இல் தீர்ந்தது. முப்பத்தைந்து நாள், இரண்டு பேர், ஒரு கிலோ. ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் ஐந்தேகால் கிலோ. ஆறுக்கு மிக அருகில் வந்துவிட்டதே என்று மனைவியிடம் பெருமையடித்தேன். நடுவில் மாங்காய் ஊறுகாய்க்கும் மோர் மிளகாய்க்கும் அளந்தது இந்தப் பாக்கெட்டிலிருந்து இல்லை, கல்லுப்பு ஜாடியிலிருந்து என்றார். ஜாடியில் எவ்வளவு இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.